ஓர் ஆசிரியரின் சொல்லும் ஆயிரம் குரல்களும்

கடந்த தவணையில் தரம் 8 மாணவன் ஒருவன் அதிபரின் குரலிலேயே பேசி வகுப்பைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். உள்ளே நுழைந்த நான், கோபத்தில் அவன் உருப்பட மாட்டான் என்று ஏசிவிட்டேன். அதன் பின் அவன் என் பாடவேளையில் வாயே திறக்கவில்லை. அப்போதுதான் மெல் பிளாங்கின் வாழ்க்கை நினைவுக்கு வந்தது.

ரூபவாஹினியில் ‘ஹா ஹா ஹரி ஹாவா’ என்ற பெயரில் சிங்களம் பேசிய முயலை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த பக்ஸ் பனிக்கு ஆங்கிலத்தில் முதலில் குரல் கொடுத்தவர் இவர்தான்.

1908 இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, போர்ட்லண்ட் நகரில் வளர்ந்தார். குடும்பப் பெயரான பிளாங்க் என்பதற்கு ஆங்கிலத்தில் வெற்று என்று பொருள். வகுப்பில் குரலை மாற்றி மாற்றிப் பதில் சொன்ன பிள்ளையைப் பார்த்து, பெயரைப் போலவே அவனும் வெறுமையாகத்தான் போவான் என்று ஆசிரியர் ஒருவர் சொல்லிவிட்டாராம். 16 வயதில் அவர் தன் பெயரின் கடைசி எழுத்தை மாற்றிக்கொண்டார். ஒலி அப்படியே இருந்தது. அந்தப் பொருள் மட்டும் போய்விட்டது.

1927 இல் வானொலிக்குள் நுழைந்தார். 1933 இல் எஸ்டெலைத் திருமணம் செய்தார். கணவனும் மனைவியும் சேர்ந்தே போர்ட்லண்ட் வானொலியில் நிகழ்ச்சி நடத்தினார்கள். பின்னர் லொஸ் ஏஞ்சல்ஸ் சென்று, கார்ட்டூன் தயாரிப்பு நிறுவனமொன்றின் கதவை ஒரு வருடத்துக்கு மேல் தட்டினார். கதவு திறந்ததும் போர்க்கி பிக், டெபி டக், 1940 இல் பக்ஸ் பனி என்று வரிசையாகக் குரல்கள் பிறந்தன. குரல் கொடுப்பவரின் பெயரைத் திரையில் போடாத அந்தக் காலத்தில், கேட்டு வாங்கித் தன் பெயரைப் போடச் செய்தார்.

1961 ஜனவரியில் வாகன விபத்தில் சிக்கி, இரண்டு வாரமளவில் நினைவின்றிக் கிடந்தார். மனைவியும் மகன் நோயலும் பேசிப் பார்த்தும் பதில் இல்லை. ஒருநாள் மருத்துவர் பக்ஸ் பனியின் பெயர் சொல்லி நலம் விசாரிக்க, முயலின் குரலில் பதில் வந்தது. வீடு திரும்பிய பின், உடலெங்கும் மாக்கட்டுடன் படுக்கையில் கிடந்தபடியே ‘பிளின்ட்ஸ்டோன்ஸ்’ தொடருக்குப் பேசினார். ஒலிப்பதிவுக் கருவிகள் கட்டிலருகே வந்தன; மகன் உதவினார். 1989 ஜூலை 10 ஆம் திகதி, 81 வயதில் அவர் காலமானார். தந்தையின் பாத்திரங்கள் சிலவற்றுக்கு நோயலும் பின்னாளில் குரல் கொடுத்தார்.

 அந்த ஆசிரியர் சொன்ன சொல் இன்றும் மிஞ்சியிருக்கிறது. நாவைப் பேணுமாறு மார்க்கம் நமக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அது கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் நமக்கும்தான். எல்லாப் பிள்ளைகளும் மெல் பிளாங்க் ஆக மாட்டார்கள். ஏசிய சொல்லை வென்று காட்டும் வலிமையும் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

இந்தத் தவணை முதல் நாள், வகுப்பின் முன்னிலையில் அந்த மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். தமிழ்மொழித் தின நாடகத்துக்கு அவன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். இன்னும் மெல்லிய குரலில்தான் பேசுகிறான். ஆனால் பேசுகிறான், அல்ஹம்துலில்லாஹ்.