நந்தன் கதைக்குள் பண்ணையாரைக் கொண்டுவந்தவர்

ஸ்ரீமுஷ்ணம், காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பகுதியில் நந்தனார் பெயரைக் கேட்காமல் வளர்ந்தவர் இருக்க முடியாது. காட்டுமன்னார்கோவில் பக்கத்து ஆதனூர்தான் அவர் ஊர் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். வீட்டுப் பெரியவர்களிடம் அந்தக் கதையைக் கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். நந்தன் ஒரு பண்ணையாள். அவனுடைய ஆண்டை ஒரு வேதியர். சிதம்பரம் போய் நடராசரைப் பார்த்துவர நந்தன் உத்தரவு கேட்டான். ஆண்டை விடவில்லை. நாற்பது வேலி நிலத்தையும் விளைய வைத்துவிட்டுப் போ என்றார். ஒரே இரவில் சிவகணங்கள் வந்து விளைய வைத்தன. ஆண்டை நந்தன் காலில் விழுந்தார்.

இந்தக் கதை பெரியபுராணத்தில் இல்லை. சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் புராணத்தில் ஆண்டையும் கிடையாது, நாற்பது வேலியும் கிடையாது. இரண்டையும் கொண்டுவந்து சேர்த்தவர் சேக்கிழாருக்குச் சுமார் எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதி. எட்டயபுரத்து சுப்பிரமணிய பாரதி வேறு, இவர் வேறு. பாடப்புத்தகத்தில் இவர் பெயர் ஒரு வரியில் வந்து போய்விடுவதால் மாணவர்களுக்காக இதைச் சொல்கிறோம்.

கோபாலகிருஷ்ண பாரதி 1810ஐ ஒட்டிய காலத்தில் நாகப்பட்டினத்துக்கு அருகில் நரிமணத்தில் ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். முடிகொண்டான் என்ற ஊரிலும் வாழ்ந்தார். பிறகு மாயவரத்துக்கு அருகிலுள்ள ஆனந்ததாண்டவபுரத்தில் ஆதரவாளர்களின் நிழலில் பல காலம் தங்கினார். ஊரின் பெயரே நடராசரின் ஆட்டம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொத்து சேர்க்கவில்லை. மாயவரத்தில் கோவிந்த சிவம் என்ற பெரியவரிடம் யோகமும் வேதாந்தமும் கற்றார். திருவிடைமருதூரில் ராமதாஸ் என்பவரிடம் இந்துஸ்தானி இசையும் கற்றுக்கொண்டார். திருவையாறு போய்த் தியாகராஜரைச் சந்தித்து, அங்கே கேட்ட ஆபோகி ராகத்திலேயே தில்லை சபாபதி மீது ஒரு பாட்டுக் கட்டிப் பாடினார் என்று சங்கீத உலகில் ஒரு கதை உண்டு. உ.வே. சாமிநாதய்யர் சிறுவயதில் மாயவரத்தில் இவரிடம் கொஞ்ச காலம் சங்கீதம் கற்றார். பின்னாளில் இவருடைய வாழ்க்கையை எழுதிவைத்தவரும் அவர்தான்.

பாரதி வாழ்ந்த இடம் காவிரிப் பாசன நாடு. எங்கு திரும்பினாலும் நெல்வயல். வயலுக்கு ஒரு மிராசுதார், மிராசுதாருக்குக் கீழே ஒரு சேரி. நாற்று விடுவதும் நடுவதும் களை பறிப்பதும் அறுப்பதும் சேரி ஜனங்கள். கூலியாக அளக்கிற நெல் களத்து மேட்டிலேயே முடிந்துவிடும். 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டப்படி, இனி கோர்ட்டுகள் அடிமை முறையை ஏற்காது என்று வெள்ளைக்கார அரசு அறிவித்தது. பாரதிக்கு அப்போது வயது முப்பதைத் தாண்டியிருக்கும். சட்டம் காகிதத்தில் வந்தது, வயலுக்கு வரவில்லை. பண்ணையாளாகப் பிறந்தவர் நம்மூர் பூவராகசாமி தேர் பார்க்கப் போவதானாலும் ஆண்டையிடம் கேட்டுவிட்டுத்தான் கரையேற வேண்டும். கேட்காமல் போனால் கட்டிவைத்து அடி.

பாரதி அக்கிரகாரத்தில் இருந்தவர். அந்த மிராசுதார்கள் அவருக்குச் சோறு போட்ட வர்க்கம். அவர்கள் பேச்சு எப்படி இருக்கும், கோபம் எப்படி இருக்கும், பண்ணையாளைக் கூப்பிடும்போது வாயில் என்ன வரும் என்பதெல்லாம் அவருக்குத் திண்ணையில் உட்கார்ந்தபடியே தெரியும். நந்தனார் சரித்திரத்து வேதியரைப் படிக்கும்போது, இவர் கற்பனையில் பிறந்தவராக நமக்குத் தோன்றுவதில்லை. அந்த வேதியர் எங்கேயோ பார்த்த ஆள்.

சேக்கிழாரின் நந்தனார் எப்படிப்பட்டவர்? ஆதனூரின் வயல் வளத்தைச் சொல்லிவிட்டு அவர் புலைப்பாடிக்கு வருகிறார். கூரைக் குடிசைகள், தோல் வார்கள், கோழிக்குஞ்சுகள், நாய்க்குட்டிகள், தோல்மேல் தூங்கும் குழந்தை, மரத்தில் தொங்கும் பறை என்று கண்முன் நிறுத்துகிறார். அங்கே பிறந்த நந்தனாருக்கு ஊர்த்தொண்டுக்காகக் கிடைத்த மானிய நிலம் இருக்கிறது. அதிலிருந்து பிழைக்கிறார். கோவில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுக்கிறார். திருப்புன்கூரில் வாசலுக்கு வெளியே நின்று கும்பிட, மறைத்துக்கொண்டிருந்த நந்தி விலகுகிறது. அங்கே குளமும் வெட்டுகிறார். தில்லைக்குப் போக ஆசை, ஆனால் பிறப்பை நினைத்துத் தயக்கம். நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று நாள் தள்ளுகிறார். அதனால்தான் திருநாளைப்போவார் என்ற பெயர்.

இங்கேதான் பாரதி கைவைத்தார். நந்தன் ஏன் நாளை நாளை என்று தள்ளினான்? சேக்கிழாரிடம் காரணம் மனத்தயக்கம். பாரதியிடம் காரணம் ஆண்டை. நடவு இருக்கிறது, களை இருக்கிறது, அறுப்பு இருக்கிறது, இன்று போகாதே என்கிறார் வேதியர். மார்கழித் திருவாதிரை நெருங்குகிறது. கேட்கக் கேட்க வசவு விழுகிறது. அதே ‘நாளை’தான். ஆனால் பாரதி தொட்டதும் அது ஒரு பக்தரின் கூச்சமாக இல்லாமல், லீவு கிடைக்காத ஒரு கூலியாளின் கெஞ்சலாகிவிட்டது. ஒரு வேலி என்பது இருபது மா, ஏக்கர் கணக்கில் ஆறே முக்கால் அளவுக்குக் கொஞ்சம் குறைவு. நாற்பது வேலி என்றால் 266 ஏக்கருக்கு மேல். ஒரு ஆளிடம் அதை விளைய வைத்துவிட்டுப் போ என்பது வேலைக் கணக்கில் சேராது. போகாதே என்பதைச் சுற்றிவளைத்துச் சொல்வது அது. விவசாயம் தெரிந்தவர்களுக்கு அந்த இடம் சட்டென்று புரியும்.

பண்ணைக்காரனும் பண்ணையாளும் மோதுவது தமிழுக்குப் புதிதல்ல. பள்ளு நூல்களில் பண்ணைக்காரனைப் பள்ளர்கள் வயிறு குலுங்கக் கேலி செய்வார்கள். ஆனால் நாயன்மார் கதைக்குள், கோவில் மேடையில் பாடுகிற கதைக்குள், ஒரு பிராமண மிராசுதாரைக் கொடுமைக்காரராக நிறுத்தியதுதான் பாரதியின் துணிச்சல். அதை ஒரு பிராமணர் செய்தார் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

பாட்டுகளிலும் அப்படித்தான். கனமான ராகங்கள் ஒரு பக்கம், நொண்டிச்சிந்து, லாவணி போன்ற தெருப்பக்கத்து மெட்டுகள் மறுபக்கம். சபையிலும் பாடலாம், வயலிலும் பாடலாம். சிவலோகநாதனைப் பார்க்க வரலாமா என்று வாசலில் நின்று நந்தன் கேட்கும் மாஞ்சி ராகப் பாட்டு இன்றும் கச்சேரிகளில் பாடப்படுகிறது. கேட்பவர்கள் ராகத்துக்குத் தலையாட்டுகிறார்கள். ஒரு ஆளை ஏன் உள்ளே விடவில்லை என்ற கேள்வி அந்தப் பாட்டுக்குள் இருப்பது எத்தனை பேர் காதில் விழுகிறதோ!

நூலை எழுதியதும் அங்கீகாரம் தேவைப்பட்டது. மாயவரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப்பாயிரம் கேட்டுப் போனார் பாரதி. இலக்கணப் பிழைகள் இருக்கின்றன, பெரியபுராணத்துக்கு மாறாகவும் இருக்கிறது என்று பிள்ளை பிடி கொடுக்கவில்லை. பாரதி நடையாய் நடந்தார். ஒருநாள் பிள்ளை உள்ளே ஓய்வில் இருக்க, வெளியே காத்திருந்த பாரதி தம் பாட்டைத் தமக்காகப் பாடிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே படுத்திருந்த பிள்ளை உருகிப்போனார். எழுந்துவந்து பாயிரம் கொடுத்தார். இதைச் சொல்பவர் பிள்ளையின் மாணவரான உ.வே.சா. புராணத்துக்கு மாறு என்று பிள்ளை சொன்னது உண்மைதான். அந்த மாறுதல்தான் நூலுக்கு உயிர் என்பது எங்கள் எண்ணம்.

அச்சுக்கு உதவியவர் சிசே என்ற பிரெஞ்சு அதிகாரி. காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. 1860களின் தொடக்கத்தில் நூல் வெளிவந்து வேகமாகப் பரவியது. தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் போன்றவர்கள் கதாகாலட்சேபமாக ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பின்னால் நாடகம் வந்தது, சினிமா வந்தது. 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். 1942இல் ஜெமினி படத்தில் தண்டபாணி தேசிகர் நடித்தார். நம் தாத்தா பாட்டிகளின் நந்தன் கதை இந்த வழியாக வந்ததுதான்.

பாரதியைப் பாராட்டுவதோடு நிறுத்தினால் இந்தப் பக்கத்தில் எழுதுவதில் அர்த்தம் இல்லை. அவர் கண்ட உண்மை ஒரு எல்லையில் நின்றுவிடுகிறது. நூலில் சேரியின் பெரிய கிழவன் நந்தனுக்குப் புத்தி சொல்ல வருகிறான். சேரித் தெய்வங்களைக் கும்பிடு, ஆடு வெட்டு, படையல் போடு என்கிறான். நந்தன் அதை உதறுகிறான். நம் வீரனும் காட்டேரியும் பெரியாச்சியும் கீழான சாமிகள், தில்லையில் இருப்பதே மேலான சாமி என்பதுதான் அங்கே தொனி. வேதியரைக் கூர்மையாகப் பார்த்த கண், சேரியின் வழிபாட்டைப் பார்க்கும்போது அக்கிரகாரத் திண்ணையிலிருந்தே பார்க்கிறது. வேதியர் வாயில் வரும் சாதி வசவுகளும் இன்று வாய்விட்டுப் படிக்க முடியாதவை.

முடிவோ இன்னும் பெரிய சிக்கல். தீயில் இறங்கிச் சுத்தமாகி, பூணூலும் சடைமுடியுமாக எழுந்த பிறகுதான் நந்தனாருக்குச் சன்னிதி திறக்கிறது. இது சேக்கிழாரிடமே இருப்பது. பெரியபுராணத்தின் மற்ற இடங்களைத் துணிந்து மாற்றிய பாரதி, தீயை மட்டும் மாற்றவில்லை. ஆண்டையை நந்தன் காலில் விழவைத்தவர், நந்தனை நந்தனாகவே உள்ளே அனுப்பத் துணியவில்லை.

அந்த வேலையை நம்மவர்கள் வேறு வழியில் செய்தார்கள். அயோத்திதாச பண்டிதர், நந்தன் ஒரு பௌத்த அரசன், கோவில் வாசலில் கெஞ்சியவன் அல்ல என்று மாற்று வரலாறு எழுதினார். ஆரணிப் பக்கத்திலிருந்து சிதம்பரம் வந்த சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். தீக்குளித்த இடம் என்று சொல்லப்படும் ஓமக்குளத்துப் பக்கம் நந்தனார் மடமும் எழுந்தது. ஸ்ரீமுஷ்ணம், காட்டுமன்னார்கோவில் கிராமங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் அந்தப் பள்ளிக்குப் போய்ப் படித்து வேலைக்கு வந்தார்கள். இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களிலும் அங்கே படித்தவர்கள் இருப்பீர்கள். 1948இல் தீண்டப்படாதோர் யார் என்ற கேள்வியை ஆராய்ந்து எழுதிய நூலை டாக்டர் அம்பேத்கர் நந்தனார், ரவிதாஸ், சொக்கமேளா என்ற மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். மராட்டியக் குடும்பத்தில் பிறந்த அம்பேத்கர் வரைக்கும் ஆதனூர்க்காரர் பெயர் போய்ச் சேர்ந்திருந்தது.

கோபாலகிருஷ்ண பாரதி நீண்ட காலம் வாழ்ந்து மறைந்தார். அது ஒரு மகாசிவராத்திரி நாள் என்பார்கள். திருநீலகண்ட நாயனார், இயற்பகை நாயனார், காரைக்கால் அம்மையார் கதைகளையும் அவர் பாடியிருக்கிறார். ஆனால் ஊரெல்லாம் நின்றது நந்தனார் சரித்திரம்தான்.

அவர் பிறந்த நரிமணம் இன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது. கீழ்வெண்மணியும் அதே மாவட்டம்தான். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அதைப் பின்னணியாக வைத்து ‘குருதிப்புனல்’ நாவலை எழுதிய இந்திரா பார்த்தசாரதி, சில ஆண்டுகள் கழித்து ‘நந்தன் கதை’ என்ற நாடகத்தை எழுதினார். அந்த நாடகத்திலும் வேதியர் வருகிறார், தீயும் வருகிறது. ஆனால் அங்கே நந்தன் பூணூலோடு எழுந்து வரவில்லை. எரிந்துபோகிறான்.