முப்பது வயதில் ஒரு மாணவி

நுழையும்முன்

கலை பயில்வதற்கு உரிய பருவம் எது? ஆடற்கலையை ஐந்து வயதிலோ ஏழு வயதிலோ தொடங்குவது நம் நாட்டு வழக்கம். ஏறத்தாழ முப்பது வயதில் அக்கலையைக் கற்கத் தொடங்கி, அதற்கென உலகறிந்த கலைக்கூடம் ஒன்றையும் நிறுவியவர் ருக்மிணி தேவி அருண்டேல். காலம் தாழ்ந்து கற்கத் தொடங்குவோர் எதிர்கொள்ளும் இடர்களையும் அவர்கள் அடையக்கூடிய உயரத்தையும் அவரது வாழ்க்கை வழியே அறிவோம்.

காவடியும் சதிரும்

பழனி மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில் உள்ளது பழனி நகரம். தைப்பூசத்தின்போதும் பங்குனி உத்திரத்தின்போதும் அடியார்கள் அங்குக் காவடி சுமந்து வருகின்றனர். தோளில் காவடியும் காலில் சலங்கையுமாக அவர்கள் ஆடிவர, நாகசுரமும் தவிலும் உடன் முழங்கும். அக்கூட்டத்தில் ஆறு வயதுச் சிறுவனும் ஆடுவான். அறுபது வயது முதியவரும் ஆடுவார். அவர்களிடம் எவரும் வயதைக் கேட்பதில்லை. பிறர் ஆடுவதைப் பார்த்தே கற்றுக்கொள்ளும் இத்தகைய ஆட்டங்கள் ஊரார் அனைவருக்கும் உரியவை.

கோயிலிலும் அரசவையிலும் வளர்ந்த சதிராட்டத்தின் நிலை வேறு. இசைவேளாளர் குடும்பங்கள் அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தன. அக்குடும்பங்களின் சிறுமியர் இளம் வயதிலேயே நட்டுவனாரிடம் பயிற்சியைத் தொடங்கினர். புகழ்பெற்ற ஆடற்கலைஞரான பாலசரசுவதி, 1925ஆம் ஆண்டு காஞ்சிபுரத்தில் அரங்கேறியபோது அவருக்கு வயது ஏழு. இவ்வழக்கத்திற்குத் தக்க காரணமும் இருந்தது. சதிரின் அடிப்படை நிலை அரைமண்டி ஆகும். முதுகை நேராக நிறுத்தி, முழங்கால்களை இருபுறமும் விரித்துப் பாதி அமர்ந்த நிலையிலேயே அடவுகளை ஆட வேண்டும். ஒவ்வோர் அடவையும் மூன்று காலங்களில், தாளம் பிசகாமல் ஆடிப் பழக வேண்டும். வளரும் பருவத்து உடல் இதற்கு எளிதில் வளைந்து கொடுக்கும். வளர்ந்து முடிந்த உடலையோ நாள்தோறும் வருத்திப் பழக்க வேண்டியிருக்கும்.

இளமையும் திருமணமும்

ருக்மிணி தேவி 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தை நீலகண்ட சாஸ்திரி பொறியாளர். பிரம்மஞான சபையின் கொள்கைகளில் ஈடுபாடு கொண்டவர். தாய் சேஷம்மாள் இசையில் பற்று மிக்கவர். பணி ஓய்வுக்குப் பின் நீலகண்ட சாஸ்திரி, சென்னை அடையாற்றில் சபையின் தலைமையகத்திற்கு அருகில் குடியேறினார். அன்னி பெசன்ட் அம்மையாரின் தொடர்பும் பல நாட்டு அறிஞர்களின் பழக்கமும் ருக்மிணிக்கு இளமையிலேயே வாய்த்தன.

1920ஆம் ஆண்டு, தம் பதினாறாவது வயதில், ஆங்கிலேயக் கல்வியாளரான ஜார்ஜ் அருண்டேலை அவர் மணந்தார். கணவர் அவரைவிட இருபத்தைந்து வயது மூத்தவர், வேறு நாட்டினர். அன்றைய சென்னைச் சமூகம் இத்திருமணத்தைக் கடுமையாக எதிர்த்தது. ஊராரின் பழிச்சொல்லைத் தாங்கும் மன உறுதியை அந்த எதிர்ப்பே அவருக்கு அளித்தது எனலாம். பின்னாளில் அவருக்கு அவ்வுறுதி பெரிதும் தேவைப்பட்டது.

கப்பலில் வளர்ந்த நட்பு

கணவருடன் ருக்மிணி தேவி பல நாடுகளுக்குப் பயணம் செய்தார். உருசிய நாட்டுப் பாலே நடனக் கலைஞரான அன்னா பாவ்லோவாவின் ஆடல் அவரைப் பெரிதும் கவர்ந்தது. பின்னர் ஆத்திரேலியா சென்ற கப்பலில் பாவ்லோவாவின் குழுவினரும் அருண்டேல் இணையரும் ஒன்றாகப் பயணம் செய்ய நேர்ந்தது. அப்பயணத்தில் இருவரிடையே நட்பு வளர்ந்தது. பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டி என்பவரிடம் ருக்மிணி தேவி பாலே பயின்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தை நெருங்கியிருந்தது.

தம் நாட்டின் ஆடற்கலையைத் தேடிச் செல்லுமாறு பாவ்லோவா அவருக்கு அறிவுறுத்தினார். 1931ஆம் ஆண்டு பாவ்லோவா மறைந்தார். அவர் காட்டிய வழியை ருக்மிணி தேவி மறக்கவில்லை.

ஆசான் முன் நின்ற மாணவி

1933ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாதமியில் நடைபெற்ற சதிர் நிகழ்ச்சி ஒன்றை ருக்மிணி தேவி கண்டார். அக்காலத்தில் தேவதாசி முறைக்கு எதிரான இயக்கம் வலுப்பெற்றிருந்தது. அம்முறையால் பெண்கள் அடைந்த துன்பத்தை நீக்க முத்துலெட்சுமி ரெட்டி போன்றோர் போராடினர். அம்முறையோடு பிணைக்கப்பட்டிருந்த சதிரும் மேட்டுக்குடியினரால் இழிவாகக் கருதப்பட்டது. கலையை அழியவிடாமல் காக்க வேண்டும் என்று வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் முதலியோர் வாதிட்டனர். இந்தச் சூழலில்தான் ருக்மிணி தேவி அக்கலையைக் கற்க முடிவு செய்தார்.

மயிலாப்பூர்க் கௌரி அம்மாளிடம் அவர் முதலில் பயின்றார். கபாலீசுவரர் கோயில் மரபில் வந்த கௌரி அம்மாள், அபிநயத்தில் தேர்ந்தவர். பின்னர், தஞ்சை நால்வர் வழிவந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை ருக்மிணி தேவி அணுகினார். அறுபது வயதைக் கடந்திருந்த அப்பெரும் நட்டுவனார் முதலில் தயங்கினார். மரபுவழிக் குடும்பத்தைச் சாராத, திருமணமான, முப்பதை எட்டும் பெண்ணால் கடும் பயிற்சியைத் தாங்க முடியுமா என்னும் ஐயம் எழுவது இயல்பே. இறுதியில் கற்பிக்க இசைந்தார்.

உலக நாடுகளில் மேடையேறிப் பேசிப் பழகியவர் ருக்மிணி தேவி. உலக இளைஞர் பிரம்மஞான அமைப்பிற்குத் தலைமை ஏற்றவர். அத்தகையவர், தட்டுக்கழி ஒலிக்கும் இடத்தில் தட்டடவிலிருந்து தொடங்கும் மாணவியாக நின்றார். முதிர்ந்த வயதில் கற்க முனைவோர் பலருக்கு உடலைவிட மனமே பெருந்தடையாகிறது. பிறர் முன் பிழை செய்யவும் திருத்தப்படவும் அவர்கள் கூசுகின்றனர். ருக்மிணி தேவி அக்கூச்சத்தைக் கடந்தார். முன்னர்ப் பெற்ற பாலே பயிற்சியும் அவரது உடலுக்குத் துணை செய்திருக்க வேண்டும். பல கலைகளைக் கண்டு முதிர்ந்த அவரது மனம், அபிநயத்தின் பொருளை ஆழ்ந்து உணர உதவியது.

அரங்கேறிய நாள்

1935ஆம் ஆண்டு டிசம்பரில் பிரம்மஞான சபையின் வைரவிழா மாநாடு அடையாற்றில் நடைபெற்றது. அம்மாநாட்டில் ருக்மிணி தேவி முதன்முறையாகப் பொதுமக்கள் முன் சதிர் ஆடினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. உயர்குடிப் பெண் ஒருவர் மேடையில் ஆடுவதா என்று பலர் முகம் சுளித்தனர். எனினும் அந்நிகழ்ச்சிக்குப் பின், பிற குடும்பத்தினரும் தம் பெண்களை ஆடல் பயில அனுப்பும் நிலை படிப்படியாக உருவாயிற்று. சதிர் என்னும் பெயர் மங்கிப் பரதநாட்டியம் என்னும் பெயர் நிலைபெற்றது.

இம்மாற்றத்திற்கு மற்றொரு பக்கமும் உண்டு. கலையைக் காத்துவந்த மரபுவழிக் குடும்பத்துப் பெண்கள் பலர் மேடையையும் வாழ்வாதாரத்தையும் இழந்தனர். ஆடலில் சிருங்காரச் சுவையைக் குறைத்துப் பக்திச் சுவையை முன்னிறுத்தினார் ருக்மிணி தேவி. சிருங்காரமே அக்கலையின் உயிர் என்று கருதிய பாலசரசுவதி இதனை ஏற்கவில்லை. இக்கருத்து வேறுபாடு இன்றும் ஆய்வாளர்களால் பேசப்படுகிறது. ருக்மிணி தேவி கற்ற கலை, கௌரி அம்மாளும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் தம் முன்னோரிடமிருந்து பெற்று வழங்கிய செல்வம் என்பதை நாம் மறத்தல் கூடாது.

கலாசேத்திராவின் தோற்றம்

அரங்கேறிய சில நாள்களிலேயே, 1936ஆம் ஆண்டு சனவரியில், ஒரு கலைக்கூடத்தை அவர் அடையாற்றில் தொடங்கினார். அதுவே கலாசேத்திரா எனப் பெயர் பெற்றது. தாம் பெறத் தவறிய இளமைப் பயிற்சியை அடுத்த தலைமுறை முறையாகப் பெறுவதற்கு அவர் வழி செய்தார். மீனாட்சிசுந்தரம் பிள்ளை, சொக்கலிங்கம் பிள்ளை முதலிய நட்டுவனார்கள் அங்குக் கற்பித்தனர். டைகர் வரதாச்சாரியார், பாபநாசம் சிவன், காரைக்குடி சாம்பசிவ ஐயர் முதலிய இசை மேதைகளும் ஆசிரியர்களாக விளங்கினர்.

கொடைக்கானலில் ஒரு முதிய ஆசிரியர்

கற்றலுக்கு வயது எல்லை இல்லை என்பதற்கு, ருக்மிணி தேவியின் நட்பு வட்டத்திலேயே மற்றொரு சான்று இருந்தது. அவரும் அவர்தம் கணவரும் அழைத்ததன் பேரில், இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939ஆம் ஆண்டு அடையாற்றுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்பது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து விரைவில் திரும்புவது அவரது திட்டம். அதற்குள் இத்தாலி போரில் இறங்கியதால், ஆங்கில ஆட்சியில் அவர் பகைநாட்டுக் குடிமகளாகக் கருதப்பட்டார். நாடு திரும்பும் வழி அடைபட்டது.

1942ஆம் ஆண்டு அவர் பழனி மலைகளின் மேலுள்ள கொடைக்கானலுக்குச் சென்றார். ஏறத்தாழ ஈராண்டுகள் அங்குத் தங்கி, வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒன்றாகப் பயிலும் சிறு பள்ளி ஒன்றை நடத்தினார். மலைச்சரிவின் செடி கொடிகளும் பூச்சிகளும் குழந்தைகளுக்குப் பாடப்பொருள்களாயின. சிறு குழந்தைகளின் கல்வியால் புகழ்பெற்ற அவர், ஆறு வயதுக்கு மேற்பட்டோருக்கான கல்வி குறித்த தம் சிந்தனைகளை அங்கு விரிவாக்கினார். எழுபது வயதைக் கடந்த பின்னரும், குழந்தைகளை உற்றுநோக்கித் தம் கொள்கையை வளர்த்துக்கொண்ட அவரது பண்பு எண்ணத்தக்கது.

ஆடியவர் ஆட்டுவிப்பவரானார்

ருக்மிணி தேவியும் தம் கற்றலை அரங்கேற்றத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஆடல் கற்ற அவர், அடுத்து நாட்டிய நாடகம் அமைக்கும் கலையில் இறங்கினார். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி 1944ஆம் ஆண்டு நாட்டிய நாடகமாக மேடை ஏறியது. கதகளி ஆசான்களையும் கலாசேத்திராவுக்கு அழைத்து, அக்கலையின் நாடகக் கூறுகளைத் தம் படைப்புகளில் பயன்கொண்டார். பாடுவோரும் பக்க இசைஞரும் ஆடுபவருக்குப் பின் நின்று நகர்ந்துகொண்டே இசைத்த முறையை மாற்றி, அவர்களை மேடையின் ஒருபுறம் அமரச் செய்தார். ஆடையிலும் ஒளியமைப்பிலும் புதுமை புகுத்தினார்.

1945ஆம் ஆண்டு கணவர் மறைந்தார். அடுத்து, அடையாற்று வளாகத்தை விட்டுக் கலைக்கூடத்தை வேறிடத்திற்கு மாற்ற வேண்டிய நெருக்கடியும் வந்தது. திருவான்மியூரில் நிலம் பெற்று, மரங்களை நட்டு, புதிய வளாகத்தைச் சிறிது சிறிதாக அவர் உருவாக்கினார்.

அவரது பெரும்படைப்பு இராமாயண நாட்டிய நாடக வரிசை ஆகும். ஆறு பகுதிகள் கொண்ட இவ்வரிசையின் முதல் நாடகம் 1955ஆம் ஆண்டிலும் நிறைவு நாடகம் 1970ஆம் ஆண்டிலும் அரங்கேறின. தொடங்கியபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்று; முடித்தபோது அறுபத்தாறு. இதன் தொடக்கப் பகுதிகளுக்கு இசையமைத்தவர் மைசூர் வாசுதேவாச்சாரியார். 1865ஆம் ஆண்டு பிறந்த அவர், தொண்ணூறு வயதை எட்டிய நிலையில் நாட்டிய நாடகத்திற்கு இசையமைக்கும் பணியை ஏற்றார். 1961ஆம் ஆண்டு அவர் மறைந்த பின், அவருடைய பேரன் ராஜாராம் அப்பணியைத் தொடர்ந்து நிறைவு செய்தார்.

பொதுவாழ்வும் நிறைவும்

1952ஆம் ஆண்டு ருக்மிணி தேவி மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். உயிர்கள்மீது பேரன்பு கொண்ட அவர், விலங்குவதைத் தடுப்புச் சட்டத்திற்காக அவையில் வாதாடினார். 1960ஆம் ஆண்டு அச்சட்டம் நிறைவேறியது. 1956ஆம் ஆண்டு பத்மபூஷண் விருது அவரைத் தேடி வந்தது. 1977ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் பதவிக்கு அவரை முன்மொழியப் பிரதமர் மொரார்ஜி தேசாய் விரும்பினார். ருக்மிணி தேவி அதனை ஏற்காமல் கலைப்பணியையே தொடர்ந்தார். 1986ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் அவர் மறைந்தார். 1993ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே கலாசேத்திரா தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது.

ஏழு வயதில் அரங்கேறியவருக்குக் கிடைத்த நீண்ட பயிற்சிக் காலம் ருக்மிணி தேவிக்குக் கிடைக்கவில்லை. அந்த இழப்பை அவர் அறிந்தே ஆடலைத் தொடங்கினார். ஆடலில் தாம் விட்ட இடைவெளியைக் கற்பித்தலாலும் படைப்பாலும் நிரப்பினார். இன்று திருவான்மியூரில் காலைப் பொழுதில் தட்டுக்கழியின் ஒலிக்கேற்ப மாணவர்கள் அரைமண்டியில் நின்று அடவு பயில்கின்றனர். அவர்கள் முதலில் கற்பதும் தட்டடவுதான். முப்பது வயதில் அவரும் அதிலிருந்துதான் தொடங்கினார்.