இருவழி இசையை இணைத்த அமீர் குஸ்ரூ



சென்ற பள்ளி விடுமுறையில் நம் பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு, ஜொகூர் நீரிணையைக் கடந்து சிங்கப்பூர் சென்றிருந்தோம். சிராங்கூன் சாலையில் ஓர் இசைக்கருவிக் கடையில் வீணையும் சித்தாரும் அருகருகே இருந்தன. சித்தார் நம்முடையதா, அயலாருடையதா என ஒரு மாணவி வினவினாள். அதற்கு விடை கூற, எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அமீர் குஸ்ரூவின் வரலாற்றைக் கூறுதல் வேண்டும்.

குஸ்ரூ 1253ஆம் ஆண்டில், இன்றைய உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த பட்டியாலி என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் நடு ஆசியாவிலிருந்து வந்து குடியேறிய துருக்கிய மரபினர். தாயார் இந்தியப் பெண்மணி. இளமையிலேயே தந்தையை இழந்த குஸ்ரூ, தாய்வழிப் பாட்டனாரின் இல்லத்தில் வளர்ந்தார். அரசவை மொழியாகிய பாரசீகத்தில் பெரும்புலவரானார்; எனினும் டில்லி மக்கள் பேசிய இந்தவி மொழியை அவர் மறந்தாரில்லை.

1285ஆம் ஆண்டுப் போரில் மங்கோலியரிடம் சிறைப்பட்டு, அரும்பாடுபட்டுத் தப்பினார். பின்னர் டில்லி சுல்தான்கள் பலருடைய அவையை அணிசெய்தார். அங்கே பாரசீகப் பண்களும் இந்திய இராகங்களும் ஒருங்கே ஒலித்தன. அவ்விரண்டையும் கற்றுத் தேர்ந்த குஸ்ரூ, தம் ஞானகுருவாகிய நிஜாமுத்தீன் அவுலியாவின் திருச்சபையில் பாடல்கள் இசைத்தார். கவ்வாலி இசையும் யமன் இராகமும் அவரால் தோன்றின என்பது வழிவழி வரும் மரபுரை.

சித்தாரையும் அவரே படைத்தார் என்பர் சிலர், அஃது உண்மையன்று. அக்கருவி 18ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது. மூன்று தந்தி எனப் பொருள்படும் அதன் பெயர் பாரசீகம். அதில் ஒலிக்கும் இராகங்களோ இந்தியாவினுடையவை.

1318ஆம் ஆண்டில் குஸ்ரூ இயற்றிய ஒன்பது வானங்கள் என்னும் பாரசீக நூல், இந்திய இசையை வானளாவப் புகழ்கின்றது. இந்நாட்டு மொழிகளை வரிசைப்படுத்துமிடத்து, தமிழகக் கடற்கரையாகிய மஅபரின் மொழியையும் அவர் குறிப்பிட்டது நமக்குப் பெருமையன்றோ! 1325ஆம் ஆண்டில் குரு மறைந்தார்; சில திங்களில் குஸ்ரூவும் மறைந்தார். குருவின் அடக்கத்தலத்திற்கு அருகிலேயே அவரும் துயில்கின்றார்.

அக்கலப்பு தமிழகத்தையும் எட்டியது. காசியில் சில்லாண்டு தங்கி வடநாட்டிசையைக் கேட்டறிந்த முத்துசுவாமி தீட்சிதர், யமனின் சாயல் கொண்ட யமுனா கல்யாணியில் திருவானைக்காவல் இறைவனைப் பாடினார். சிங்கப்பூரில் 1949ஆம் ஆண்டு தோன்றிய இந்திய நுண்கலைக் கழகம், கர்நாடக இசை, இந்துஸ்தானி இசை ஆகிய இரண்டையும் பயிற்றுவிக்கின்றது.

பால்மரத்திலும் செம்பனையிலும் உழைக்கும் பெற்றோர்களே! மலாயும் ஆங்கிலமும் கற்றால் பிள்ளை தமிழை மறந்துவிடுமோ என்று நீங்கள் எம்மிடம் கவலையுறுவதுண்டு. குஸ்ரூ பிறமொழி கற்றதால் தம் மொழியை இழக்கவில்லை. இல்லத்தில் தாய்மொழி ஒலிக்குமாயின் பிள்ளையும் இழவாது.

சித்தார் நம்முடையதே, மகளே, அயலாருடையதும்கூட. அன்பால் கற்றது எதுவும் அயலாகாது.