தம்பியைத் தேடிப் போன கவிஞர்

அமெரிக்காவில் வால்ட் விட்மன் என்று ஒரு கவிஞர் இருந்தார். நம் பாரதியாரே அவரைப் பாராட்டி எழுதியிருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

அவர் 1819-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் லாங் ஐலண்டில் ஒரு தச்சருக்கு மகனாகப் பிறந்தார். 11 வயதிலேயே பள்ளிப் படிப்பு நின்றுபோச்சு. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கக் கற்றார். பிறகு சில ஆண்டுகள் கிராமத்துப் பள்ளிகளில் வாத்தியார் வேலை. மாணவர் வீடுகளில் மாறி மாறித் தங்கிப் பாடம் நடத்தினார். ஆக, நம்ம தொழில்காரர்தான்! அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை என்பதை இங்கே மெதுவாகச் சொல்லி வைக்கிறேன்.

1855-இல் 'புல்லின் இதழ்கள்' என்னும் கவிதை நூலைத் தம் சொந்தச் செலவில் வெளியிட்டார். 10 வயது இளையவரான தம்பி ஜார்ஜ், அதைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிட்டு, படிக்காமலே வைத்துவிட்டாராம்.

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஜார்ஜ் வடக்குப் படையில் சேர்ந்தார். 1862 டிசம்பரில் பிரெடரிக்ஸ்பர்க் என்னும் இடத்தில் பெருஞ்சண்டை. காயம்பட்டோர் பட்டியல் பத்திரிகையில் வந்தது. அதில் தம்பியின் பெயர் போலவே ஒரு பெயர், எழுத்துப் பிழையோடு. குடும்பமே கலங்கிப்போனது. விட்மன் அன்றைக்கே புறப்பட்டார். வழியில் பிலடெல்பியாவில் பணப்பையை யாரோ அடித்துவிட்டார்கள். கையில் காசில்லாமல் வாஷிங்டன் மருத்துவமனைகளில் தேடினார். கிடைக்கவில்லை. கடைசியில் போர்முனைப் பாசறையிலேயே தம்பியைக் கண்டார். குண்டுச் சிதறல் கன்னத்தைக் கிழித்திருந்தது. பெரிய ஆபத்தில்லை.

இத்தோடு வீடு திரும்பியிருக்கலாம் அல்லவா? ஆனால் அங்கே மருத்துவமனையாக மாறியிருந்த ஒரு மாளிகையின் எதிரே, ஒரு மரத்தடியில் அவர் கண்ட காட்சி அவரை விடவில்லை. வெட்டி எடுக்கப்பட்ட கைகளும் கால்களும் அங்கே குவியலாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் தம்பியுடையதுதானே.

காயம்பட்டவர்களோடு வாஷிங்டன் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். சிலமணி நேரம் அலுவலகத்தில் நகலெழுதும் வேலை. மற்ற நேரமெல்லாம் மருத்துவமனை. ஆரஞ்சுப் பழம், மிட்டாய், தபால் தலை, காகிதம் எல்லாம் பையில் போட்டுக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவார். எழுத முடியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார். சாகப்போகிற பையன்களின் கையைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார். 600 தடவைக்கு மேல் போனதாக அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார்.

மனம் தாங்குமா? தாளை மடித்துத் தாமே செய்த சின்னச் சின்னக் குறிப்பேடுகளில் பார்த்ததையெல்லாம் கிறுக்கி வைத்தார். அவற்றிலிருந்தும் கவிதைகள் பிறந்தன. போர் தொடங்கியபோது வீர முரசு கொட்டியவர், இப்போது புண்ணைக் கழுவுகிறவனின் கையைப் பற்றி எழுதினார். அவை 1865-இல் 'முரசொலிகள்' என்ற பொருள்தரும் பெயரில் நூலாயின.

இதற்கிடையில், 1864 செப்டம்பரில் ஜார்ஜ் எதிரியிடம் சிறைப்பட்டு, மறு ஆண்டு பிப்ரவரியில்தான் விடுதலையானார். அந்த மாதங்களில் அண்ணன் பட்ட பாடு தனிக்கதை.

1873-இல் விட்மன் பக்கவாதத்தால் விழுந்தார். அப்போது அவரைக் கேம்டன் நகரில் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டவர் யார் தெரியுமா? அதே ஜார்ஜ்தான். 1884 வரை அங்கேதான் இருந்தார். பிறகு அதே ஊரில் சிறு வீடொன்று வாங்கிக் குடிபோய், 1892 மார்ச் 26-இல் கண்மூடினார்.