ஒரு போத்தலும் ஒரு பழியும்

புலம்பெயர்ந்து வந்த எங்கட ஆக்கள் கனபேர் மருந்துத் தொழிற்சாலைகளில வேலை செய்யினம். கிருமியில்லாத அறைக்குள்ள நின்று போத்தல் நிரப்புறவர்களைக் கேட்டால் ஒரே சலிப்புத்தான். எதைத் தொட்டாலும் கையெழுத்து, எது கீழே விழுந்தாலும் அறிக்கை. ஏன் இந்த எழுத்துவேலை? வால்டெமார் ஹாஃப்கினின் வாழ்க்கையைப் பார்த்தால் விளங்கும்.

1860இல் ஒடெசாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பாரிசில் பாஸ்டர் நிறுவனத்தில் அவருக்கு முதலில் கிடைத்தது உதவி நூலகர் வேலைதான். படித்த படிப்புக்கு ஏற்ற வேலை வந்த இடத்தில் உடனே கிடைக்காது என்பது எங்களுக்குத் தெரியாததா? அங்கேயே வாந்திபேதிக்குத் தடுப்பூசி கண்டுபிடித்து, 1892இல் தன் உடம்பிலேயே முதலில் ஏற்றிப் பார்த்தார். அடுத்த வருடம் இந்தியாவுக்குப் போனார். 1896இல் பம்பாயில் பிளேக் பரவ, சில மாதங்களுக்குள் அதற்கும் தடுப்பூசி செய்தார். 1897 ஜனவரி 10இல் அதையும் தனக்கே முதலில் ஏற்றிக்கொண்டார்.

1902 ஒக்டோபர் 30. பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் 107 பேருக்கு பிளேக் ஊசி போட்டார்கள். அதில் ஒரே போத்தல் மருந்து ஏறிய 19 பேர் ஏற்புவலி வந்து இறந்துபோனார்கள். போத்தலின் இலக்கம் 53 என்.

மருந்தில் கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை விட்டு, வெப்பத்தை நம்பும் முறைக்கு ஹாஃப்கின் அப்போது மாறியிருந்தார். அதுதான் காரணம், பிழை ஆய்வுகூடத்தில்தான் என்று விசாரணைக் குழு முடிவு கட்டியது. இயக்குநர் பதவி போனது.

ஆனால் சாட்சியங்களுக்குள் வேறொரு விசயம் கிடந்தது. கிராமத்தில் போத்தலைத் திறக்கும்போது உதவியாளர் கையிலிருந்த இடுக்கி நிலத்தில் விழுந்தது. ஏற்புவலிக் கிருமி மண்ணில் வாழ்வது. அதைச் சரியாகக் கிருமிநீக்காமல், அதாலேயே தக்கையைக் கழற்றியிருந்தார்கள். அதோடு, மருந்து நிரப்பிப் பல கிழமைகள் ஆகியிருந்தன. முன்பே கிருமி இருந்திருந்தால் திறந்தவுடன் நாறியிருக்க வேண்டும், நாறவில்லை.

1907இல் ரொனால்ட் ரொஸ் உட்படப் பத்து விஞ்ஞானிகள் லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதி இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வருடமே பழி நீங்கியது. திரும்பவும் இந்தியாவுக்குப் போய்க் கல்கத்தாவில் வேலை செய்தார். ஆனால் பம்பாயில் அவர் தொடங்கிய ஆய்வுகூடத்தின் தலைமை திரும்பக் கிடைக்கவில்லை. 1925இல் அதற்கு அவர் பெயரை வைத்தார்கள். 1930இல் சுவிற்சர்லாந்தின் லொசானில் காலமானார்.

போன 19 உயிர்கள் திரும்பி வரவில்லை. ஒரு மனிதனுடைய ஐந்து வருடமும் திரும்பி வரவில்லை. இடுக்கி விழுந்தது அந்த இடத்திலேயே பிழையாகக் கணக்கெடுக்கப்பட்டு, அந்தப் போத்தல் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தால் இரண்டும் தப்பியிருக்கும்.

ஆகவே, அடுத்த முறை கையுறையில் சின்னக் கீறல் விழுந்தால் மறைக்காதீர்கள், எழுதி வையுங்கள். அந்தக் கையெழுத்து முதலில் காப்பாற்றுவது நோயாளியை. பிறகு உங்களை.