சிதம்பரம் இராமலிங்கம்

சிதம்பரத்திற்கு வடமேற்கே உள்ள சிற்றூர் மருதூர். அவ்வூரில் கணக்கராகவும் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பவராகவும் இருந்த இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது குழந்தையாக 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் இராமலிங்கம் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். தாயார் குழந்தைகளுடன் முதலில் பொன்னேரிப் பக்கமும், பின்னர்ச் சென்னை ஏழுகிணற்றுப் பகுதியிலுள்ள வீராசாமிப் பிள்ளைத் தெருவிலும் குடியேறினார். பிறந்த மண்ணில் சில திங்களே வாழ்ந்த அக்குழந்தை, வளர்ந்த பின் தம் கடிதங்களில் சிதம்பரம் இராமலிங்கம் என்றே கையொப்பமிட்டார்.

குடும்பத்தைத் தாங்கியவர் மூத்த தமையனார் சபாபதி. அவர் புராணச் சொற்பொழிவாளர். தம்பியைத் தம் ஆசிரியரான காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடமே படிக்க அனுப்பினார். இராமலிங்கமோ பாடசாலையில் அமராமல் கந்தகோட்டத்திற்குச் சென்று முருகன் முன் பாடிக்கொண்டிருந்தார். சினங்கொண்ட தமையனார் வீட்டில் அவருக்குச் சோறிடக் கூடாது எனத் தடைவிதித்தார். அண்ணியார் கணவர் அறியாமல் உணவளித்துக் காத்தார். தெய்வமணி மாலை என்னும் பாமாலை அந்த இளம்பருவத்தில் பிறந்ததே. ஒரு நாள் தமையனார் உடல்நலம் குன்றியதால், முத்தியாலுப்பேட்டைச் சோமு செட்டியார் இல்லத்தில் நடந்த தொடர்சொற்பொழிவுக்குத் தம்பியை அனுப்ப நேர்ந்தது. சில பாடல்களைப் படித்துவிட்டு வருமாறு அனுப்பப்பட்டவர், திருஞானசம்பந்தர் வரலாற்றை நள்ளிரவு கடந்தும் விரித்துரைத்தார். அதன்பின் அவரைப் படிக்குமாறு எவரும் வற்புறுத்தவில்லை.

இளமையில் பள்ளிக்குச் செல்லாதவர் என்பதால் அவரைக் கல்லாதவர் என்று எண்ணிவிடலாகாது. அவர் ஆழ்ந்து படித்தவர் என்பதற்கு அவர் செய்த பதிப்புப் பணியே சான்று. 1851இல் கண்ணுடைய வள்ளலாரின் ஒழிவிலொடுக்கத்தைப் பதிப்பித்தார். படிக்காசுப் புலவரின் தொண்டைமண்டல சதகத்தைப் பதிப்பித்தபோது, நாட்டின் பெயர் தொண்டமண்டலமா, தொண்டைமண்டலமா என்ற ஐயம் எழுந்தது. ஐகாரம் ஒன்றுக்காக இலக்கண விளக்கம் ஒன்றையே எழுதினார். மனுமுறைகண்ட வாசகம் என்னும் உரைநடை நூலையும் இக்காலத்தில் இயற்றினார்.

மாணவரும் வரத் தொடங்கினர். அவருள் முதன்மையானவர் தொழுவூர் வேலாயுத முதலியார். ஆசிரியரைத் தேர்ந்து பார்க்க விரும்பிய அவ்விளைஞர், சங்கநடையில் தாமே யாத்த செய்யுள்களைப் பழைய ஏட்டில் எழுதிக்கொண்டு போய்ச் சங்கப் பாடல்கள் எனக் காட்டினாராம். ஏட்டைப் படித்துப் பார்த்த இராமலிங்கர், சங்கப் புலவர் பாடலில் இத்தகைய பிழைகள் நேரா என்றும், இவை பயிலத் தொடங்கிய ஒருவர் செய்தவை என்றும் கூறிவிட்டார். சோதிக்க வந்தவர் மாணவராகத் தங்கிவிட்டார்; பிற்காலத்தில் சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் புலவராகவும் விளங்கினார்.

ஏறத்தாழ 1858இல் இராமலிங்கர் சென்னையை விட்டு நீங்கித் தில்லையை வழிபட்டு, வடலூருக்கு அருகிலுள்ள கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். ஒன்பது ஆண்டுகள் அவ்வீட்டின் அறையே அவருடைய எழுத்துக்கூடம். சிதம்பரத்திற்கு அடிக்கடி நடந்து சென்று வருவார்; இரவில் விளக்கருகே அமர்ந்து பாடல்களை எழுதுவார். அவற்றை அச்சிடும் எண்ணம் அவருக்கு இல்லை. பாடல்கள் ஏடுகளிலும் தாள்களிலும் அன்பர் பலர் கையில் சிதறிக் கிடந்தன.

அவற்றைத் தொகுக்க முனைந்தவர் சென்னையிலிருந்த இறுக்கம் இரத்தின முதலியார். கடிதம் எழுதிக் கேட்டும் பாடல்கள் வரவில்லை. இறுதியில் அவை வந்துசேரும்வரை நாளுக்கு ஒருவேளையே உண்பதென உறுதிபூண்டு, அதனைக் கருங்குழிக்குத் தெரிவித்தார். பசியை எவரிடத்தும் காணப்பொறாத இராமலிங்கரை வேறெதுவும் இவ்வாறு அசைத்திருக்காது. பாடல்களை அனுப்ப இசைந்து, நண்பரை வழக்கம்போல் உண்ணுமாறு வேண்டிக்கொண்டார். 1866இல் எழுதிய கடிதத்தில் மற்றொன்றையும் கேட்டுக்கொண்டார்: இராமலிங்கசாமி என வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுவதால் நூலில் அப்பெயர் வேண்டாம் என்பது அது.

வேலாயுத முதலியார் பாடல்களை ஆறு திருமுறைகளாக வகுத்தார். முதல் நான்கு திருமுறைகள் திருவருட்பா என்னும் பெயருடன் 1867இல் வெளிவந்தன. ஆசிரியர் பெயர் திருவருட்பிரகாச வள்ளலார் என அச்சிடப்பட்டிருந்தது! சாமி வேண்டாம் என்றவருக்கு வள்ளலார் பட்டமும் உவப்பாக இல்லை. அவர் கடிந்தபோது, அருட்பிரகாச வள்ளல் ஆர் என்னும் வினாவாக அதனைப் பிரித்துக் காட்டி மாணவர் தப்பினார் என்று சொல்வதுண்டு.

அச்சேறிய பாடல்களுக்குப் புகழோடு எதிர்ப்பும் வந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864 முதல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நடத்திவந்தவர். பழந்தமிழ் நூல்களைப் பிழையறப் பதிப்பித்த பேரறிஞர். தேவார திருவாசகங்களுக்கு உரிய அருட்பா, திருமுறை என்னும் பெயர்களைச் சமகாலப் பாடல்களுக்கு இடுவதை அவர் ஏற்கவில்லை. சொற்போர் முற்றி, 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றது. கண்டன நூல்கள் இருபுறமும் பெருகின. ஒருவர் மரபின் தூய்மைக்காக வாதிட்டார். மற்றவருடைய அன்பர்கள் அருள் எக்காலத்தும் பாடும் என்றனர். இருவர் காலத்திற்குப் பின்னும் பூசல் ஓயவில்லை. கதிரைவேற் பிள்ளை அருட்பாவை மறுத்துப் பேசியபோது, அதனை அருட்பாவே என மேடைகளில் நிறுவியவர் இசுலாமியரான சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர்.

இராமலிங்கரின் கவனமோ அப்போது அடுப்பின்மேல் இருந்தது. திருவருட்பா வெளிவந்த அதே 1867ஆம் ஆண்டு மே 23இல், பார்வதிபுரத்து மக்கள் அளித்த எண்பது காணி நிலத்தில் வடலூர்ச் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றும் பசித்தவருக்கு உணவளித்து வருகிறது. எளிய மக்களும் திருக்குறள் கற்க வேண்டும் என வகுப்பு நடத்தச் செய்தார். 1872 தைப்பூசத்தில் எண்கோண வடிவிலான சத்திய ஞானசபை வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் மேட்டுக்குப்பத்தில் 1596 அடிகளால் ஆன அருட்பெருஞ்சோதி அகவலை இயற்றினார்.

1874ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் இரவு, மேட்டுக்குப்பம் சித்திவளாகத் திருமாளிகையில் தம் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். ஐந்தாம் திருமுறை 1880இல் அச்சாயிற்று. சாதி, சமய வேறுபாடுகளை மிக வெளிப்படையாக மறுக்கும் ஆறாம் திருமுறை மேலும் ஐந்து ஆண்டுகள் காத்திருந்து 1885இல் வெளிவந்தது.