பாகனினியின் பிடில் ஆசை

வாத்தியம் வாசிப்போரைப் பிடித்தாட்டும் ஆசைகளில் கொடியது, அடுத்தவர் கையிலுள்ள வாத்தியத்தின் மேல் பிறக்கும் ஆசை. வீட்டில் நல்ல வீணை ஒன்று இருக்கும். அதன் நாதத்தில் குறையொன்றும் இராது. ஆயினும் வேறொருவர் மீட்டும் வீணையைக் கேட்ட மறுகணமே தம்முடையது வெறும் பலா மரமாகத் தோன்றிவிடும். கடன்பட்டேனும் அதைப் போன்ற ஒன்றை வாங்கினாலன்றி உறக்கம் வராது. பிடில் வித்துவான்களுக்கு இந்நோய் இரட்டிப்பு. ஐரோப்பா கண்ட பிடில் வித்துவான்களில் தலைசிறந்தவர் என்று பலரும் ஒப்புக்கொள்ளும் நிக்கோலோ பாகனினியும் இந்நோய்க்கு ஆளானவரே. சாத்தானுக்கு ஆத்மாவை விற்று வித்தை பெற்றவர் என்று அக்காலத்து ஜனங்கள் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டனர். அந்தக் கட்டுக்கதையின் இரைச்சலில், அவர் வாங்கிய பிடில்களின் கதையும் வாங்காத ஒரு பிடிலின் கதையும் மறைந்து போயின. நாம் சொல்லப் புகுந்தது அவ்விரண்டையுமே.

பாகனினி 1782-ம் வருஷம் அக்டோபர் 27-ந் தேதி இத்தாலியில் ஜினோவா நகரத்தில் பிறந்தார். நம் பாரதியார் பாடிய மாஜினியும் 23 வருஷங்களுக்குப் பின் அதே நகரத்தில்தான் தோன்றினார். பாகனினியின் தகப்பனார் அந்தோனியோ துறைமுகத்தை நம்பிச் சிறு தொழில் செய்து வந்தவர். வருமானம் போதாமையால் மாண்டலின் வாசித்தும் சில காசு தேடினார். பிள்ளைக்கு ஐந்து வயதில் மாண்டலினும் ஏழு வயதில் பிடிலும் கற்பிக்கப்பட்டன. பிள்ளையின் திறமையில் பணம் இருப்பதைக் கண்டுகொண்ட தகப்பனார் அவனை ஓயாது சாதகம் செய்ய வைத்தார். 1795-ல் பார்மா நகரத்தில் அலெஸ்ஸாந்த்ரோ ரோல்லா என்ற ஆசிரியரிடம் கொண்டுபோய் விட்டார். அங்கே சில காலம் பயின்ற பின் பையன் வீட்டின் பிடியிலிருந்து விடுபட்டு, 1801-ல் லூக்கா நகரத்தில் தன்னந்தனியே வாழத் தொடங்கினான். கையில் காசு புரண்டது. கூடவே சூதாட்டமும் வந்து சேர்ந்தது.

சூதின் வேகத்தில் அவர் தமது பிடிலையே பணயமாக வைத்து இழந்தார் என்பர். லிவோர்னோ என்ற துறைமுகப் பட்டணத்தில் கச்சேரி செய்யப் போனபொழுது கையில் வாத்தியம் இல்லை. அவ்வூரிலிருந்த லிவ்ரோன் என்ற பிரெஞ்சு வணிகர் சங்கீத ரஸிகர். தம்மிடமிருந்த உயர்ந்த பிடில் ஒன்றை அன்றைய கச்சேரிக்கு மட்டும் இரவலாகக் கொடுத்தார். கச்சேரி முடிந்து பாகனினி அதைத் திருப்பிக் கொடுக்கச் சென்றார். லிவ்ரோன் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். பாகனினியின் விரல் பட்ட நரம்பைத் தம் விரலால் தீண்டுவது தகாது என்று அவருக்குத் தோன்றிற்று. இவ்வாறு இருபது வயது இளைஞர் ஒருவருக்கு, ஒரு காசும் செலவில்லாமல், உலகத்தின் மகத்தான பிடில்களில் ஒன்று கிடைத்தது.

கிடைத்ததை அவர் பத்திரமாக வைத்துக்கொண்டாரா என்றால், அதுதான் இல்லை. ஒரு பிரபு அந்தப் பிடிலின் மேல் வெகுநாளாய்க் கண் வைத்திருந்தார். இரண்டாயிரம் பிராங்கு தருவதாகச் சொன்னார். பாகனினிக்கோ சூதில் பட்ட கடன் கழுத்தை நெரித்தது. கடிகாரமும் மோதிரமும் முன்னமே விலையாகிவிட்டன. கையில் எஞ்சியது முப்பது பிராங்கு. அதையும் வைத்து ஆடிப் பார்ப்பது, தோற்றால் பிடிலை விற்றுவிட்டு ருஷியாவுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்துகொண்டு அன்றிரவு உட்கார்ந்தார். முப்பது மூன்றாகச் சுருங்கிற்று. அப்பொழுது காற்றுத் திரும்பியது. 160 பிராங்கு ஜெயித்தார். பிடில் பிழைத்தது. அன்றோடு சூதை விட்டேன் என்று பாகனினியே பிற்காலத்தில் சொன்னதாக இந்தக் கதை வழங்குகிறது. சூதை விட்டவர்கள் எல்லோரும் சொல்வது போலத்தான் இதையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பின்னால் காண்போம்.

இனி, அந்தப் பிடில் எப்பேர்ப்பட்டது என்று சொல்ல வேண்டும். வட இத்தாலியில் கிரிமோனா என்று ஒரு சிற்றூர். ஸ்திராதிவாரி, குவார்னேரி என்ற இரு குடும்பங்கள் அங்கே அண்டை அயலில் பட்டறை வைத்துப் பிடில் செய்து வந்தன. 1737-ல் காலமான அந்தோனியோ ஸ்திராதிவாரி நெடுங்காலம் வாழ்ந்து நூற்றுக்கணக்கான வாத்தியங்கள் செய்தவர். ராஜாக்களும் பிரபுக்களும் அவரை நாடினர். 1744-ல் இறந்த ஜியுசெப்பே குவார்னேரியோ ஐம்பது வயதுகூட நிரம்பாதவர்; செய்தவை குறைவு. கடைசிக் காலத்தில் அவர் செய்தவற்றில் உளி பட்ட தழும்புகூடத் தெரியும். வேலை வழவழப்பாக இராது. நாதம் மட்டும் இருண்டு, கனத்து, நெடுந்தூரம் செல்லும். பாகனினி பிறந்த அதே 1782-ல் வியோத்தி என்ற இத்தாலியர் பாரிஸ் நகரத்தில் ஸ்திராதிவாரிப் பிடிலை வாசித்துப் புகழ் பெற்றார். அதன்பின் ஐரோப்பா முழுவதும் ஸ்திராதிவாரி மோகம் பரவிற்று. குவார்னேரியைப் பெரிதாகக் கேட்டவர் சிலரே. பாகனினிக்குக் கிடைத்தது குவார்னேரி 1743-ல் செய்த பிடில். அதன் முழக்கத்தைக் கேட்டு அவர் அதற்குப் பீரங்கி என்று பெயர் வைத்தார். பெரிய அரங்குகளில் வாத்தியக் கூட்டத்தை மீறி ஒற்றைப் பிடில் கேட்க வேண்டிய காலம் அது. ஊரார் விரும்பிய வாத்தியத்தை விட்டு, தம் தொழிலுக்கு வேண்டிய வாத்தியத்தை அவர் பற்றிக்கொண்டார். அவர் வாசித்த பின்னரே குவார்னேரிக்கும் ஸ்திராதிவாரிக்குச் சமமான மதிப்பு ஏற்பட்டது.

ஆனால் அறிவு ஒரு பக்கம் இருக்க, ஆசை மறுபக்கம் போகும். லூக்காவில் நெப்போலியனுடைய சகோதரி எலிஸாவின் சபையில் சில வருஷங்கள் ஊழியம் பார்த்துவிட்டு, 1809-க்குப் பின் பாகனினி ஊர் ஊராகக் கச்சேரி செய்யலானார். 1813-ல் மிலான், 1828-ல் வியன்னா, 1831-ல் பாரிஸும் லண்டனும் அவர் காலடியில் விழுந்தன. லண்டனில் டிக்கட் விலையை இரண்டு பங்காக உயர்த்தப் போக, பத்திரிகைகள் சீறின. விலையைக் குறைக்க நேர்ந்தது. இவ்வாறு சேர்ந்த பணத்தில் பெரும் பகுதி மகன் அக்கில்லேயின் பெயரில் போயிற்று. மற்றொரு பகுதி பிடில் வாங்குவதில் போயிற்று. கோஸியோ தே சலபுவே என்ற பிரபு ஸ்திராதிவாரியின் பட்டறைக் கருவிகளையும் அச்சுகளையுமே விலைக்கு வாங்கிச் சேர்த்தவர். அவரிடமிருந்து பாகனினி 1727-ல் செய்த ஸ்திராதிவாரி ஒன்றை வாங்கினார். மிலானில் மெரிகி என்ற செல்லோ வித்துவான் இவருக்காக வாத்தியங்களை வேட்டையாடினார். ஒரு முறை வீதியில் தள்ளுவண்டியில் கிடந்த உடைந்த செல்லோ ஒன்றை ஸ்திராதிவாரி என்று மெரிகி கண்டுபிடித்து அற்ப விலைக்கு மீட்டார் என்றும், பிறகு அது பாகனினியின் கைக்கு வந்தது என்றும் ஒரு கதை உண்டு. பிடில் இரண்டு, வியோலா ஒன்று, செல்லோ ஒன்று என நான்கு வாத்தியமும் ஸ்திராதிவாரி செய்ததாகவே அவரிடம் சேர்ந்துவிட்டன. தாம் ஒருவர், இரு கை. வாத்தியமோ டஜனைக் கடந்துவிட்டது.

அவற்றுள் வியோலா ஒன்றுதான் தமாஷான கதைக்கு இடம் கொடுத்தது. பிடிலைவிடச் சற்றுப் பெரிதாய், தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் இவ்வாத்தியத்தில் ஸ்திராதிவாரி செய்தவை மிகச் சிலவே இன்று உள்ளன. 1731-ல் செய்யப்பட்ட ஒன்று கையில் கிடைத்ததும், அதில் வாசிக்கத் தக்க உருப்படி இல்லையே என்ற கவலை பாகனினிக்கு உண்டாயிற்று. வாத்தியம் முதலில் வந்துவிட்டது. சங்கீதத்தைப் பின்னால் தேட வேண்டியதாயிற்று. 1834-ன் தொடக்கத்தில் பாரிஸில் பெர்லியோஸ் என்ற இளைஞரிடம் ஓர் உருப்படி இயற்றித் தரும்படி கேட்டார். பெர்லியோஸ் எழுதிக் காட்டிய முதற்பகுதியில் வியோலா பல இடங்களில் மௌனமாக நின்றது. அது பாகனினிக்கு ஒப்பவில்லை, விலகிக்கொண்டார். தாமே ஓர் உருப்படி இயற்றி லண்டனில் வாசித்தார். ஜனங்கள் அதில் மயங்கவில்லை. பெர்லியோஸோ தமது வேலையை முடித்து, இத்தாலியில் ஹரால்ட் என்று பெயரிட்டு, அவ்வருஷம் நவம்பரில் வேறொருவரைக் கொண்டு அரங்கேற்றினார். நான்கு வருஷம் கழித்து, 1838 டிசம்பரில், பாகனினி அதை முதன்முறையாகக் கேட்டார். அப்பொழுது அவர் தொண்டை நோயால் குரலிழந்திருந்தார். உதட்டசைவைப் பார்த்து மகன்தான் பிறருக்கு எடுத்துச் சொல்வான். கச்சேரி முடிந்ததும் அவர் பெர்லியோஸின் முன் மண்டியிட்டார். இரண்டு நாளில் இருபதினாயிரம் பிராங்கு அனுப்பி வைத்தார். லோபி என்று பெயரெடுத்தவர் செய்த காரியம் அது. ஒரு வியோலாவின் மேல் கொண்ட ஆசை, அவருக்குப் பயன்படாமற் போனாலும், சங்கீதத்துக்குப் பயன்பட்டது.

பெர்லியோஸ் அந்த உருப்படியை எழுதிய 1834-லேயே திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா நம் தஞ்சாவூர் வடிவேலுவுக்குத் தந்தத்தாலான பிடில் ஒன்றைப் பரிசளித்தார் என்பதை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. பாலுஸ்வாமி தீக்ஷிதரும் வடிவேலுவும் பிடிலை நம் சங்கீதத்துக்கு இசைவித்த காலமும் பாகனினியின் காலமும் ஒன்றே.

பாகனினியின் பீரங்கி ஒரு சமயம் பழுதுபட்டது. பாரிஸில் வீயோம் என்ற நிபுணரிடம் கொடுத்தார். வீயோம் அதைச் செப்பனிட்டதோடு நில்லாமல், அளவு, நிறம், தழும்பு எல்லாம் ஒத்த நகல் ஒன்றும் செய்துவிட்டார். இரண்டையும் அருகருகே வைத்தபொழுது பாகனினிக்கே எது தம்முடையது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியவில்லை என்பர். அந்த நகலை அவர் தம் சீடர் கமில்லோ ஸிவோரியிடம் சேர்ப்பித்தார். பழையது என்பதற்காக மட்டும் ஒரு வாத்தியத்தின் முன் கை கூப்புவோர் இக்கதையை யோசிக்க வேண்டும். 2010-ல் அமெரிக்காவில் இண்டியானபோலிஸ் நகரத்தில் 21 பிடில் வித்துவான்களிடம் இருட்டுக் கண்ணாடி அணிவித்து, பழைய இத்தாலியப் பிடில்களையும் புதியவற்றையும் வாசிக்கச் செய்து சோதித்தார்கள். அதிகம் பேர் விரும்பியது புதிய பிடில் ஒன்றை, மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்திராதிவாரி. 2012-ல் பாரிஸில் பத்து பெரிய வித்துவான்களைக் கொண்டு செய்த சோதனையிலும் புதியவையே முந்தின. ஆனால் விலை இதற்கெல்லாம் செவி சாய்ப்பதில்லை. 2011-ல் ஒரு ஸ்திராதிவாரி ஒரு கோடியே ஐம்பத்தொன்பது லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

கடைசி வருஷங்கள் துயரமானவை. 1837-ல் பாரிஸில் பாகனினியின் பெயரால் ஒரு கேளிக்கை மண்டபம் திறந்தார்கள். சூதாட்டத்துக்குச் சர்க்கார் அனுமதி கிடைக்கவில்லை; மண்டபம் மூடப்பட்டது; கோர்ட்டு அவரை நஷ்டஈடு கட்டச் சொல்லிற்று. இளமையில் விட்டதாகச் சொன்ன சூது முதுமையில் வேறு உருவத்தில் வந்து பழி தீர்த்துக்கொண்டது. வில்லைப் பிடிக்கும் பலம் இல்லாத நிலையிலும் வாத்திய ஆசை அவரை விடவில்லை. தெற்குப் பிரான்ஸிலும் நீஸ் நகரத்திலும் படுத்துக்கொண்டே பிடில்களை வாங்குவதும் விற்பதுமாக இருந்தார். ஜினோவாவிலிருந்த சிநேகிதர் ஜெர்மி என்ற வக்கீலுக்கு அதைப் பற்றியே கடிதங்கள் எழுதினார். வாசிக்க முடியாதவருக்கு வாத்தியம் எதற்கு என்று கேட்பது எளிது. அவரை நாம் அவ்வளவு கடுமையாகத் தீர்க்க விரும்பவில்லை. வாத்தியத்தின் விலை அறிந்தவர் அவர். மகனுக்குச் சொத்து தேடினார். ஆனால் லாபம் ஒன்றையே கருதினார் என்பதும் உண்மையன்று.

ஏனெனில் 1837 ஏப்ரலில் எழுதிய மரண சாஸனத்திலேயே அவர் ஒரு வாத்தியத்தைத் தனியே பிரித்துவிட்டார். விலை கொடுத்து வாங்கிய வாத்தியங்கள் மகனுக்கு. லிவ்ரோன் சும்மா கொடுத்த பீரங்கி மட்டும் ஜினோவா நகரத்துக்கு, என்றென்றும் காக்கப்படும் பொருட்டு. அவர் தேசபக்தர் என்று பெயர் வாங்கியவர் அல்லர். நெப்போலியன் குடும்பத்தாரிடம் கைநீட்டிச் சம்பளம் பெற்றவர். அவர் பிறந்தபொழுது குடியரசாக இருந்த ஜினோவா, 1805-ல் பிரான்ஸுக்கும் 1815-ல் ஸார்தீனிய ராஜ்யத்துக்கும் கைமாறிவிட்டது. இத்தாலி என்ற ஒரு ராஜ்யம் 1861 வரையில் ஏற்படவில்லை. அந்நிலையில், தம் கையிலிருந்த பொருள்களில் எதற்கும் ஈடாகாத ஒன்றை மகனுக்கும் கொடாமல், ராஜாவுக்கும் கொடாமல், பிறந்த ஊரின் ஜனங்களுக்கு எழுதி வைத்தார்.

1840 மே 27-ந் தேதி பாகனினி நீஸில் இறந்தார். அந்திமக் கிரியையை மறுத்தார் என்று சொல்லி, அவ்வூர் பிஷப்பு புனித பூமியில் அடக்கம் செய்ய அனுமதி தரவில்லை. மருந்திட்ட உடல் பெட்டியில் இருந்தபடியே இடம் இடமாக அலைந்தது. அக்கில்லே மற்ற வாத்தியங்களை ஒவ்வொன்றாக விற்றார். அவை திக்குத் திக்காகப் பிரிந்தன. அந்த நான்கு ஸ்திராதிவாரிகளையும் பிற்காலத்தார் தேடி ஒன்றுசேர்த்தனர். 1994-ல் ஜப்பானிலுள்ள ஒரு சங்கீத ஸ்தாபனம் ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்து வாங்கி, தகுந்த வித்துவான்களுக்கு இரவல் தந்து வருகிறது. பீரங்கி 1851-ல் ஜினோவா நகரசபையிடம் சேர்ந்தது. வீயோம் செய்த நகலும் பின்னர் அதே ஊருக்கு வந்துவிட்டது. துர்ஸி மாளிகையில் இரண்டும் இருக்கின்றன. 1954 முதல் அந்நகரத்தில் பாகனினியின் பெயரால் பிடில் போட்டி நடந்து வருகிறது. வெற்றி பெறும் இளைஞர் பீரங்கியை வாசிக்கும் பாக்கியம் அடைகிறார். லிவ்ரோன் எந்த இளைஞனுக்கு அதை இரவல் கொடுத்தாரோ, அவனுடைய வயதை ஒத்தவர்களே பெரும்பாலும் அதை வாசிக்கிறார்கள்.

பிடில் ஊர் சேர்ந்து 25 வருஷங்கள் ஆன பிறகு, 1876-ல்தான் பாகனினியின் உடலுக்கு ஒரு கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைத்தது. அந்த இடமும் ஜினோவாவில் அமையவில்லை. சிறுவனாக அவர் பிடில் கற்கப் போன பார்மாவில் அமைந்தது.